டெஸ்டட் ஜரிகையும் டெஸ்டட் ஹார்ட் டிஸ்க்கும்

காஞ்சிபுரத்துல பட்டுத் தொழிலோட கொஞ்சம் பழக்கம் இருக்கறவங்க கிட்ட "டெஸ்டட் ஜரிகை"ன்னு சொல்லிப் பாருங்க, லேசா சிரிப்பாங்க. வெளியூர்க்காரங்க அதைச் சோதிச்சுப் பார்த்த அசல் ஜரிகைன்னு நினைச்சுக்குவாங்க. தொழில்ல அர்த்தம் நேர் எதிர். செம்புக் கம்பிக்கு மேல பூச்சு பூசின போலி ஜரிகைக்குத்தான் "டெஸ்டட்"னு பேரு. வெள்ளிக் கம்பியில தங்க முலாம் போட்டது "ரியல்". ரெண்டுக்கும் நடுவுல "ஹாஃப் ஃபைன்"னு ஒண்ணு உண்டு. கடைக்காரர் "டெஸ்டட் ஜரிகைங்க"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லலை. நமக்கு அந்த வார்த்தை தெரியலை, அவ்வளவுதான்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜரிகைதான் ஞாபகத்துக்கு வரும். அங்கேயும் இதே வார்த்தை. "டெஸ்டட் ஓகே", "ஒர்க்கிங் கண்டிஷன்", "ஆபீஸ் யூஸ் மட்டும்". டெஸ்டட்னா என்ன டெஸ்ட்? பவர் கொடுத்தா விளக்கு எரிஞ்சதா? அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாங்களா? அதை யாரும் எழுதறதில்லை.

முன்பின் தெரியாத ஒருத்தர் கிட்ட பழைய பொருள் வாங்கறது இன்னைக்கு நேத்து வந்த பிரச்சினை இல்லை. அதோட சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துட்டு, கடைசியில ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம்.

சாணக்கியர் சொன்ன முதல் விதி

1905-ல் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருத்தர், மைசூர் ஓரியண்டல் நூலகத்துக்கு ஒரு பனையோலைச் சுவடியைக் கொண்டு வந்து கொடுத்தார். கிரந்த எழுத்து. நூலகத்துல இருந்த ஷாமசாஸ்திரி அதை எடுத்துப் படிச்சா, காணாமலே போயிடுச்சுன்னு நினைச்சிருந்த கௌடில்யரோட அர்த்தசாஸ்திரம்! 1909-ல் மூலத்தையும், 1915-ல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார்.

அதுல நாலாவது அதிகரணம் முழுக்க, ஜனங்களை ஏமாத்தறவங்க கிட்டேர்ந்து காப்பாத்தறதைப் பத்தினது. நெசவாளர் கிட்ட 10 பலம் நூல் கொடுத்தா 11 பலமாத் திரும்பி வரணும்னு கணக்கு இருக்கு. கஞ்சி ஏறினா எடை கூடும்னு அரசாங்கத்துக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அதுக்கு அடுத்த அத்தியாயம் வியாபாரிகளைப் பத்தி. அதோட ஆரம்பமே பழைய சாமான்தான். பழைய பொருளை விற்கவோ அடகு வைக்கவோ வர்றவன், அது தன்னோடதுன்னு நிரூபிச்சாத்தான் சந்தை அதிகாரி அனுமதிக்கணும்.

கவனிங்க. பொருள் நல்லதா கெட்டதாங்கறது அப்புறம். "இது உன்னோடதா?"ங்கறதுதான் முதல் கேள்வி. ஏறக்குறைய 2000 வருஷம் ஆச்சு. இன்னைக்கும் பழைய லேப்டாப் வாங்கறவங்க இந்தக் கேள்வியைத்தான் கடைசியில கேக்கறாங்க, பல பேர் கேக்கறதே இல்லை.

கச்சிப்பேட்டுத் தராசு

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்துல உத்தம சோழனோட செப்பேடு ஒண்ணு இருக்கு. 10-ம் நூற்றாண்டு. அதுல காஞ்சிபுரத்துக்குப் பேரு கச்சிப்பேடு. அந்த ஊர் ஊரகத்துப் பெருமாள் (இப்ப நாம உலகளந்த பெருமாள் கோயில்னு சொல்றது) கோயிலுக்கு எந்தெந்த வழியில வருமானம்னு அந்தச் செப்பேடு பட்டியல் போடுது. அதுல ரெண்டு வரும்படி: கோல்நிறைக்கூலி, காலளவுக்கூலி. அதாவது நிறுத்து விற்கிற சரக்குக்கும், அளந்து விற்கிற சரக்குக்கும் வாங்கற கட்டணம். அதே செப்பேட்டுல, கோயில் பணத்தை ஊர் நெசவாளர் சேரிகள் கிட்ட வட்டிக்குக் கொடுத்து வச்ச ஏற்பாடும் வருது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், நிறுக்கிறதும் அளக்கிறதும் கூலி வாங்கிக்கிட்டுச் செய்யற பொது வேலையா இருந்திருக்கு. விற்கறவன் தராசையோ வாங்கறவன் தராசையோ நம்ப வேண்டியதில்லை. நடுவுல மூணாவதா ஒண்ணு. அந்தக் கூலி கோயிலுக்குப் போச்சுன்னா, எடையில கை வைக்கறது பெருமாள் கணக்குலயே கை வைக்கற மாதிரி ஆயிடும் இல்லையா!

அதுக்கும் முந்தைய சங்க காலத்துலயே இந்த ஏற்பாடுகள் உண்டு. மதுரைக்காஞ்சி வர்ணிக்கிற மதுரைக் கடைத்தெருவுல பொன்னை உரைச்சுப் பார்க்கறவங்க தனியா இருக்காங்க. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்கு மூட்டைகள் மேல சோழனோட புலி முத்திரை விழுது. உரைகல், தராசு, முத்திரை. இந்த மூணையும்தான் இன்னைக்கு வரைக்கும் வேற வேற பேர்ல தேடிக்கிட்டு இருக்கோம்.

ஜரிகைக்குள்ள என்ன இருக்கு?

காஞ்சிபுரம் ஜரிகைக்கு ரொம்ப காலமா சூரத்தை நம்பித்தான் இருந்தது. அங்கேர்ந்து வர்ற கண்டுல வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவுன்னு இங்க இருக்கற நெசவாளருக்குத் தெரிய வழியில்லை. இதுக்காகத்தான் 1971-ல் தமிழ்நாடு அரசு காஞ்சிபுரத்துல தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை ஆரம்பிச்சது. 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதுக்கான விவரத்துல ஜரிகைக்கு 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம்னு கணக்கு இருக்கு.

வீட்டுல பாட்டிமார் பார்க்கற சோதனை இன்னும் சுலபம். ஜரிகையை நகத்தால லேசா சுரண்டினா உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியணும். செம்பு நிறமோ வெள்ளை நூலோ தெரிஞ்சா, சந்தேகம். பட்டு இழையைக் கொளுத்தினா முடி கருகற வாசனை வரணும், சாம்பலைத் தொட்டா பொடியாகணும். உருகி உருண்டையா ஒட்டிக்கிச்சுன்னா பாலியஸ்டர். இப்ப எக்ஸ்ரே மெஷின்ல புடவையைக் கிழிக்காம, சுரண்டாம வெள்ளி எவ்வளவுன்னு பார்த்துடறாங்க.

முத்திரை விஷயத்துல மட்டும் ஒரு எச்சரிக்கை. 2004-ல் வந்த சில்க் மார்க், பட்டு சுத்தமான்னு மட்டும்தான் சொல்லும். ஜரிகையைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கைத்தறியான்னு சொல்லும். புவிசார் குறியீடு, எந்த ஊர் முறைன்னு சொல்லும். மூணு முத்திரை, மூணு வேற கேள்வி. ஒரு கேள்விக்கு முத்திரையைக் காட்டி, இன்னொரு கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி நடிக்கறதுதான் இந்தத் தொழில்ல நடக்கற பெரிய வித்தை.

இன்னொரு பக்கமும் உண்டு. "பழைய பட்டுப்புடவை வாங்கறோம்"னு தெருவுல கூவிக்கிட்டு வர்றவங்களை எல்லா ஊர்லயும் பார்த்திருப்பீங்க. அங்க விவரம் தெரிஞ்சவர் வாங்கறவர், தெரியாதவர் விற்கறவர். அம்பது வருஷத்துப் புடவையில எவ்வளவு வெள்ளி இருக்குன்னு அவருக்குத் தெரியும், நம்ம அத்தைக்குத் தெரியாது. விற்கறவன்தான் ஏமாத்துவான்னு இல்லை. யாருக்கு விவரம் கூடவோ, அவர் கைதான் மேல.

மூர் மார்க்கெட்டிலிருந்து ரிச்சி தெருவுக்கு

பழைய பொருள்னாலே மெட்ராஸ்காரங்களுக்கு மூர் மார்க்கெட்தான். 1898-ல் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல. பழைய புஸ்தகத்துலேர்ந்து கிராமபோன் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவன் அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 1985 மே மாசம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு.

எலக்ட்ரானிக் சாமானுக்கு ரிச்சி தெரு. மவுண்ட் ரோடு பக்கம், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி. ரேடியோ உதிரிபாகக் கடைகளா இருந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் தெருவாவே மாறிடுச்சு. டெல்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு மாதிரி நமக்கு இது. இந்தத் தெருக்கள்ல ஒரு சௌகரியம் இருந்தது. ஏமாந்தா மறுநாள் அதே கடைக்குப் போய் நின்னு சத்தம் போடலாம். கடை அங்கேதான் இருக்கும்.

அப்புறம் பாஸி டாட் காம் வந்தது. 2004-ல் ஈபே அதை வாங்கிச்சு. 2006-ல் ஓஎல்எக்ஸ், 2008-ல் குவிக்கர். ஈபே இந்தியா 2018-ல் மூடிட்டாங்க. இந்தக் காலத்துல கடைங்கற ஒண்ணே காணாமப் போச்சு. விற்கறவர் ஒரு போன் நம்பர், நாலு போட்டோ, அவ்வளவுதான். மறுநாள் போய் நிக்க இடம் கிடையாது.

மறைக்கிற கலையும் வளருது

1990-களோட நடுவுல சில 486 மதர்போர்டுகள்ல கேஷ் மெமரி சிப்னு ஒட்டியிருந்ததை உடைச்சுப் பார்த்தா உள்ளே ஒண்ணுமே இல்லை, வெறும் பிளாஸ்டிக். பயாஸும் கேஷ் இருக்குன்னு பொய் சொல்லும்! அதே பத்தாண்டோட பிற்பாதியில, மெதுவான பென்டியம் சிப் மேல இருக்கற எழுத்தை அழிச்சுட்டு வேகமான மாடல் பேரை அச்சடிச்சு வித்தாங்க. இன்டெல் சிப்போட மல்டிப்ளையரைப் பூட்டி வைக்க ஆரம்பிச்சதுக்கு இந்தத் திருட்டும் ஒரு காரணம்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. பழைய ஜிடிஎஸ் 450 கார்டோட பயாஸை மாத்தி எழுதினா, கம்ப்யூட்டர் அதை ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-ன்னு நம்பிடும். இது பரவலானதால 2018-ல் ஜிபியு-இசட் மென்பொருள்ல போலி கார்டைக் கண்டுபிடிக்கற வசதியையே சேர்த்தாங்க. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாத்திக்கிட்டதும், ராத்திரி பகலா மைனிங்ல ஓடின கார்டுகள் எல்லாம் "வீட்டு உபயோகம், கேம் கூட அதிகம் ஆடலை"ன்னு சந்தைக்கு வந்துச்சு.

ஹார்ட் டிஸ்க் கதை இன்னும் சுவாரஸ்யம். எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு டிஸ்க்கே ஸ்மார்ட் பதிவுல எழுதி வச்சுக்கும். கார் மீட்டரைத் திருப்பற மாதிரி அதையும் பூஜ்யமாக்க முடியும். 2025 ஆரம்பத்துல ஐரோப்பாவுல பல பேர் புதுசுன்னு வாங்கின சீகேட் டிஸ்க்குகள், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடின பழசுன்னு தெரிய வந்தது. ஸ்மார்ட் கணக்கை அழிச்சிருந்தாங்க. ஆனா ஃபார்ம்னு சொல்ற இன்னொரு பதிவு உள்ளேயே இருந்து காட்டிக் கொடுத்துடுச்சு. சியா நாணயத்துக்காக ஓடின டிஸ்க்குகளா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. ஜரிகையைச் சுரண்டினா தெரியற சிவப்பு நூல்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. மேல்பூச்சை மாத்தலாம், உள் நூலை மாத்தறது கஷ்டம்.

இதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்குன்னு கேக்கலாம். பிரான்ஸ்ல ஜக்கார்டு 1804-ல் தறிக்கு ஓட்டை போட்ட அட்டையைக் கொண்டு வந்தார். 1890 அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹாலரித் மெஷின்ல எண்ணினதும் ஓட்டை போட்ட அட்டையை வச்சுத்தான். தறியும் கம்ப்யூட்டரும் பங்காளிங்க. இன்னைக்கு காஞ்சிபுரத்துல பேட்டு, முந்தி டிசைன் எல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சுதான் அட்டைக்குப் போகுது. பிள்ளையார்பாளையத்துல டிசைன் போடற என் நண்பர் ஒருத்தர், ஆன்லைன்ல பார்த்த ஒருத்தர் கிட்ட பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். "டெஸ்டட் ஓகே"தான். மூணாம் மாசம் ஹார்ட் டிஸ்க் நின்னு போச்சு. போனது டிஸ்க் காசு மட்டும் இல்லை. அதுல இருந்த டிசைன்களை நம்பி ரெண்டு தறிக்குப் பாவு ஏத்தியிருந்தாங்க. தறி சும்மா நின்னா நெசவாளர் வீட்டுல அந்த வாரம் கூலி கிடையாது. வித்தவர் போன் நம்பர் உபயோகத்துல இல்லை.

அரிசியில் கல்

ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர். 1967-68-ல் டெல்லியில இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல இருந்தவர். பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். மூணு பத்திரிகை திருப்பி அனுப்பிச்சு, நாலாவதா ஒண்ணு 1970-ல் வெளியிட்டது. 2001-ல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ரெண்டு பேரோட சேர்த்து அவருக்கு நோபல் பரிசு.

விஷயம் இதுதான். வாங்கறவனுக்கு நல்லது கெட்டது தெரியலைன்னா, எல்லாத்துக்கும் பயந்து பயந்து குறைச்சுத்தான் விலை கேப்பான். அந்த விலைக்கு நல்ல பொருள் வச்சிருக்கறவன் விற்க மாட்டான். அவன் போயிட்டா மிச்சம் இருக்கறது மட்டம். அதனால விலை இன்னும் இறங்கும். கடைசியில சந்தையே மட்டம்தான். அந்தக் கட்டுரையில நம்ம ஊர் உதாரணமும் உண்டு. இந்தியாவுல குடும்பப் பெண்கள், அரிசி நிறத்துலயே உருவத்துலயே வேணும்னே கலந்த கல்லைப் பொறுக்க வேண்டியிருக்குன்னு எழுதியிருக்கார். டெல்லியில பார்த்திருப்பார் போல :-)

ஏமாந்தவன் நஷ்டம் ஒரு பக்கம். பெரிய நஷ்டம் நேர்மையா விற்கறவனுக்கு. விசைத்தறிப் புடவை "காஞ்சிபுரம்"னு விற்கும்போது, மூணு நாடா போட்டுக் கோர்வை நெய்யற நெசவாளர்தான் "இதுவும் டூப்ளிகேட்டா இருக்குமோ"ங்கற விலைக்குத் தன் புடவையைக் கொடுக்க வேண்டியிருக்கு. பிள்ளைங்களைத் தறியில உட்கார வைக்க மாட்டேங்கறாங்கன்னா, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்ப என்ன பண்ணலாம்?

பழைய சரித்திரத்துலேர்ந்தே எடுத்துக்கலாம்.

முதல்ல சாணக்கியர் கேள்வி: பில் இருக்கா? சீரியல் நம்பரை முன்கூட்டியே வாங்கி, கம்பெனி இணையதளத்துல வாரன்டி பாருங்க. லேப்டாப்னா பயாஸ் பாஸ்வேர்டு, ஆபீஸ் பூட்டு, மேக்னா ஆக்டிவேஷன் பூட்டு எதுவும் இல்லாம, உங்க கண் முன்னாடி புதுசா இன்ஸ்டால் ஆகணும். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, தெரிஞ்சிருக்க வேண்டிய நிலையிலயோ வாங்கினா வாங்கினவருக்கும் தண்டனை உண்டு. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 411, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதா 317.

ரெண்டாவது உரைகல். போட்டோவை நம்பாதீங்க, ஓட்டிப் பாருங்க. ஹார்ட் டிஸ்க்குக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல ஓடின நேரமும், மாத்தி ஒதுக்கின செக்டார் எண்ணிக்கையும். நாலு வருஷத்துப் பழைய டிஸ்க் "12 மணி நேரம்"னு காட்டினா சந்தோஷப்படாதீங்க, அதுதான் அபாயம். ராமுக்கு மெம்டெஸ்ட். பிராசஸருக்கு சிபியு-இசட். கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிபியு-இசட் பார்த்துட்டு, அரை மணி நேரம் பளு கொடுத்துச் சூடு, சத்தம், திரையில கோடு வருதான்னு பாருங்க. பென் டிரைவுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ: முழுக்க எழுதி, முழுக்கப் படிச்சுப் பார்க்கும். 16 ஜிபியை 512-ன்னு சொல்றதெல்லாம் இதுல மாட்டிக்கும்.

மூணாவது பொதுத் தராசு. விற்கறவர் வீட்டு மெஷின்ல மட்டும் பார்க்காம, தெரிஞ்ச சர்வீஸ் கடையில வச்சுப் பாருங்க. அவருக்கு நூறு இருநூறு கூலி கொடுங்க. அதுதான் நம்ம கோல்நிறைக்கூலி. இதுக்கு ஒத்துக்காத ஆள்னா, அங்கேயே பதில் கிடைச்சாச்சு.

பணம் விஷயம் தனி. அட்வான்ஸ் அனுப்பாதீங்க. "நான் ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிட்டேன், சாமானை அனுப்பி வைக்கறேன்"னு அடையாள அட்டைப் படத்தோட வர்றது நாடு முழுக்கத் தெரிஞ்ச மோசடி. நீங்க விற்கறவரா இருந்தாலும் விட மாட்டாங்க. "பணம் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ம்பாங்க. 2016-ல் யுபிஐ வந்த நாளிலிருந்து விதி ஒண்ணுதான்: பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. தனிநபர்கள் ஒருத்தர் கிட்ட ஒருத்தர் பணம் கேட்டு அனுப்பற கலெக்ட் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தினதே இந்தத் தொல்லையாலதான்.

ஏமாந்துட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை நடு வழியில நிறுத்த முடியும். வெட்கப்பட்டு ரெண்டு நாள் உட்கார்ந்தா பணம் பத்து அக்கவுண்ட் தாண்டியிருக்கும்.

கொசுறு: 1930-ங்கற எண்ணுல ஒரு வேடிக்கை இருக்கு. வாங்கறவன்தான் ஜாக்கிரதையா இருக்கணும்ங்கற கொள்கையைச் சொல்ற நம்ம பொருள் விற்பனைச் சட்டமும் 1930-ம் வருஷத்துதான். அந்த 1930-ஐ முன்னாடியே ஞாபகம் வச்சுக்கிட்டா, இந்த 1930-க்கு போன் பண்ண வேண்டியிருக்காது.